112ஆம் பக்கத்து ‘நாங்கள்’

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நிறுத்தி ‘இந்தம்மா ஏன் இப்படிக் குதிக்கிறாள்’ என்று நீங்கள் கேட்கக் கூடாது பாருங்கள், அதற்காக.

என் அண்ணன் தன் வாழ்க்கையை எழுதியிருக்கிறான். இருநூற்று நாற்பது பக்கம். பாலம் கட்டும் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆகவே அத்தியாயத்துக்கு ஒரு பாலம், பாலத்துக்கு ஒரு பாராட்டு. அதற்கு மெய்ப்புத் திருத்துவது நான். முப்பத்தொரு வருடமாக ஒரே அச்சகத்துக்கு இதுதான் என் வேலை. ‘வீட்டுலயே புரூஃப் பார்க்க ஆள் இருக்கும்போது வெளியில எதுக்கு’ என்று அண்ணன் அச்சக முதலாளியிடம் சொன்னானாம். வீட்டிலேயே ஆள். அப்பா படுக்கையில் விழுந்தபோதும் இதைத்தான் சொன்னான்.

(அண்ணனைப் போய் ‘அவன்’ என்கிறாளே என்று முகம் சுளிக்கிறீர்களா? நேற்று மாலைவரை எழுத்தில் ‘அவர்’தான்.)

நேற்று மாலை 112ஆம் பக்கம், ஒன்பதாம் வரிக்கு வந்தேன். அங்கே இருந்தது இது:

‘அப்பா படுக்கையில் கிடந்த அந்த மூன்று ஆண்டுகளும் நாங்கள் அவரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டோம்.’

ஒற்றுப் பிழை இல்லை. எழுத்துப் பிழை இல்லை. இருநூற்று நாற்பது பக்கத்தில் இவ்வளவு சுத்தமான வரி வேறு கிடையாது. பச்சைப் பொய் என்பது மட்டும்தான் குறை.

மெய்ப்புத் தாள் ஒரு பக்கம்தான் அச்சாகியிருக்கும். பின்பக்கம் வெள்ளை. நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அந்த வெள்ளையில் எழுதியது. இன்று நான்கு மணிக்கு முதலாளி வந்து மெய்ப்புக் கட்டை வாங்கிக்கொண்டு போவார். அதற்குள் ஒன்பதாம் வரியை என்ன செய்வது என்று முடிவு செய்தாக வேண்டும். கதை அவ்வளவுதான். இப்போது மணி ஒன்றேகால்.

2

முதல் தொடக்கம்: ‘ஒரு வீட்டில் ஓர் அண்ணனும் ஒரு தங்கையும்’

வேண்டாம். குழந்தைக்குச் சோறு ஊட்டச் சொல்லும் கதைபோல் இருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: ‘அவள் பொறுமைசாலி. எவ்வளவு வேலை இருந்தாலும் அவள் முகத்தில் ஒரு’

சீ. பொறுமையாவது மண்ணாவது.

மூன்றாம் தொடக்கம்: ‘நான்’

இதற்கு மேல் பேனா நகரவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். சொல்லாமல் தப்பிக்கத்தான் பார்ப்பேன், விடாதீர்கள்.

சரி, தகவலாகவே சொல்கிறேன். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பாவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போயிற்று. பேச்சும் போயிற்று, ஒரே ஒரு சொல்லைத் தவிர.* அண்ணன் ஒரு பகல் ரயில் பயணத் தூரத்தில் இருந்தான். நான் அச்சகத்துக்குப் போவதை நிறுத்திவிட்டு வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். மலம், மூத்திரம், சவரம், நகம். நடுவில் அவர் கால்மாட்டில் தாள்களைப் பரப்பி யார் யாரோ எழுதியதைத் திருத்துவேன். எனக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டார் ஒரு வருடம் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு இடம் போனார்கள். அவர்கள்மேல் தப்பில்லை.

மூன்று வருடத்தில் அண்ணன் நான்கு தடவை வந்தான். நான்கு தடவையும் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தான். அப்பாவால் மெல்ல முடியாது என்று முதல் தடவையே சொன்னேன். ‘அப்படியா?’ என்று கேட்டுக்கொண்டான். நான்காவது தடவையும் ஆப்பிள்.

* அந்தச் சொல் ‘ஆச்சு’. பசிக்கிறதா? ஆச்சு. வலிக்கிறதா? ஆச்சு. ஃபேன் வேண்டுமா, வேண்டாமா? ஆச்சு. குரலை வைத்து அர்த்தம் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டேன். பாதிக்குப் பாதி தப்பாகத்தான் கண்டுபிடித்திருப்பேன்.

3

காலையில் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“அண்ணா, நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல ஒரு பிழை.”

“பிழை புடிக்கத்தானே உன்கிட்ட குடுத்தது. திருத்திட்டுப் போ.”

“‘நாங்கள்’னு இருக்கு. யாரு அது?”

“யாருன்னா? நாமதான்டி. நம்ம குடும்பம்.”

“நாமன்னா ‘நாம்’னு எழுது. என்கிட்ட வந்து ‘நாங்கள்’னு சொன்னா அதுல நான் இல்லைன்னு அர்த்தம். நீயும் அண்ணியும்னு அர்த்தம். அண்ணி அப்பாவோட மூத்திரச் சட்டியைக் கண்ணால பார்த்திருக்காங்களா?”

“ஏன்டி, நான் உன்கிட்டயா சொல்றேன்? படிக்கிறவங்ககிட்ட சொல்றேன். அவங்களை விட்டுட்டு நம்மளைச் சொல்றதுக்கு ‘நாங்கள்’தான் வரும். எனக்கும் இலக்கணம் தெரியும்.”

“முதல்ல படிச்சவ நான்தானே?”

“ஒரு வார்த்தைக்கு இந்தப் பாடா? உனக்கு எப்பவும் மூக்கு மேல கோபம்.”

வைத்துவிட்டான்.

[இந்த இடத்தில் அண்ணனைத் திட்டி எழுதிய ஏழு வரிகளை அடித்துவிட்டேன். அச்சில் ஏற்றக்கூடிய சொல் அதில் இரண்டுதான் இருந்தது.]

என் வயிறு எரிந்ததற்குக் காரணம் வேறு. இலக்கணப்படி அவன் சொன்னது சரி. கேட்பவரை விலக்கினால் ‘நாங்கள்’, சேர்த்தால் ‘நாம்’. புத்தகத்தைப் படிக்கும் அந்நியருக்கு அது ‘நாங்கள்’தான். தமிழ் இவ்வளவு நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கிறது, ஆனால் ஆப்பிள் வாங்கி வந்தவனையும் முதுகைப் புரட்டியவளையும் பிரிக்க அதனிடம் ஒரு சொல் இல்லை. இரண்டு பேரும் அந்த ஒரே சொல்லுக்குள் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளலாம்.

4

முதல் முடிவு. இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

‘பார்த்துக்கொண்டோம்.’ ஒன்பது எழுத்து. இதில் மூன்றே எழுத்து கூட்டினால் ‘பார்த்துக்கொண்டிருந்தோம்’. எண்ணிப் பாருங்கள், பன்னிரண்டு. முதல் சொல்லுக்குப் பராமரித்தோம் என்று அர்த்தம். இரண்டாவதற்கு, கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தோம் என்று அர்த்தம். வரிக்கு நடுவில் ஒரு சின்னச் சிவப்புக் குறி, ‘டோ’வை அடித்து ஓரத்தில் ‘டிருந்தோ’. அச்சகத்தில் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். நான் போட்ட திருத்தத்தை முப்பத்தொரு வருடமாக யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

வெளியீட்டு விழா மேடையில் அண்ணன் புத்தகத்தைப் பிரித்து, உருக்கமாக வாசிப்பான்: ‘நாங்கள் அவரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்.’ வாசித்த பிறகுதான் உறைக்கும்.

நல்ல முடிவு. எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் ‘நாங்கள்’ இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அதற்குள் நானும் இருக்கிறேன்.

5

இரண்டாம் முடிவு: ‘என் தங்கை அவரைப் பார்த்துக்கொண்டாள்.’

அண்ணனிடம் அழுது புரண்டால் இதற்குச் சம்மதிப்பான். சந்தோஷமாகவே சம்மதிப்பான். விழாவில் என்னை முன்வரிசையில் உட்காரவைத்து, ‘என் தங்கச்சி ஒரு தியாகி’ என்று கண்ணைத் துடைத்துக்கொள்வான். கைதட்டல் அவனுக்கு. என் மூன்று வருடம் அவன் புத்தகத்தில் ஒரு வரி. அதையும் அவன் பெருந்தன்மையாகப் பிச்சை போட்டதாக ஆகும். வேண்டாம் சாமி.

மூன்றாம் முடிவு: அவன் புத்தகத்தை விட்டுத் தள்ளு, என் வாழ்க்கையை நானே எழுதுகிறேன். ‘நான் அவரைப் பார்த்துக்கொண்டேன்.’

இங்கேதான் பேனா நிற்கிறது. விடாதீர்கள் என்று சொன்னேன் அல்லவா.

மூன்றாவது வருடம், ஒரு வேலை நாள், காலை பதினொரு மணி. நான் ஊட்டிய மூன்றாவது கரண்டியை அப்பா துப்பினார். அன்று கொடுத்தாக வேண்டிய மெய்ப்புக் கட்டின்மேல் போய் விழுந்தது. நான் கரண்டியைக் கீழே வைத்தேன். அவர் வாயைத் துடைக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைப் பூட்டினேன்.

எதிரே பேருந்து நிறுத்தம். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் அப்பா அறை ஜன்னல் தெரியும். பேருந்துகள் வந்தன, போயின. ஏறவில்லை. ஒரு மணிக்கு அவருக்கு மாத்திரை. மூன்று மணிக்குள் இரண்டு தடவை புரட்டியிருக்க வேண்டும். எல்லாம் தெரியும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். மூன்று மணிவரை அந்த ஜன்னலை

[இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு இருக்கும் வினைச்சொல் என்னவென்று உங்களுக்குத் தெரியும்.]

பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது தம்ளர் தரையில் கிடந்தது. நல்ல கையால் தண்ணீருக்கு எட்டியிருக்கிறார். படுக்கை ஈரம். பாதி சரிந்து, தலை சுவரில் முட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து, “ஆச்சு” என்றார்.

திட்டினாரா, மன்னித்தாரா, மூத்திரம் போய்விட்டது என்று சொன்னாரா? முப்பத்தொரு வருடமாக நான் திருத்திய சொற்களில் இந்த ஒன்றுக்கு மட்டும் ஓரத்தில் எந்தக் குறியும் போட முடியவில்லை.

ஆக, ‘நான்’ என்று எழுதினால் அந்த நான்கு மணி நேரமும் அதற்குள் வரும். வராமல் எழுதலாம். எழுதினால் எனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?

6

இரண்டரை மணிக்கு அண்ணனே கூப்பிட்டான்.

“யோசிச்சேன். அந்த வரி அப்படியே இருக்கட்டும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“என் நல்லதுக்கா? எப்படி?”

தயங்கினான். “அப்பா படுத்திருந்த மூணாவது வருஷம் ஒரு நாள் மேல்வீட்டுக்காரர் எனக்குப் போன் பண்ணாரு. உன் தங்கச்சி வீட்டைப் பூட்டிட்டு பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்திருக்கா, உள்ள உங்கப்பா சத்தம் கேக்குதுன்னாரு. நான் இத்தனை வருஷமா அதை யார்கிட்டயும் சொன்னதில்லை. உன்கிட்டயே கேட்டதில்லை. நீ மட்டும்தான் பார்த்துக்கிட்டன்னு எழுதினா நாளைக்கு அவரே எதையாவது கிளப்புவாரு. அதான் ‘நாங்கள்’னு போட்டேன். அதுக்குள்ள நீ மறைஞ்சுக்கலாம்.”

நான் எழுந்து நின்றுவிட்டேன். வெட்கம் என்று நினைத்துவிடாதீர்கள். வெட்கம் பிறகு வந்தது.

“எத்தனை மணிக்குப் போன் பண்ணாரு?”

“பன்னெண்டு இருக்கும்.”

“பன்னெண்டு மணிக்கே உனக்குத் தெரியும். நீ என்ன செஞ்ச?”

“என்ன செய்றது? மீட்டிங்ல இருந்தேன். சாவி உன்கிட்ட.”

“என்கிட்ட செல்போன் இருந்துச்சே. ‘அடியே, உள்ள போடி’ன்னு ஒரு வார்த்தை. ‘நான் கிளம்பி வரேன், நீ கொஞ்சம் படு’ன்னு ஒரு வார்த்தை. பண்ணியா?”

“சாயங்காலம் பண்ணலாம்னு இருந்தேன்.”

“பண்ணியா?”

நானே தொடர்ந்தேன்.

“அதுக்கு அடுத்த தடவை எப்ப வந்த, ஞாபகம் இருக்கா? சாவுக்கு வந்த. அப்பவும் கையில ஆப்பிள் பை. அந்த ‘நாங்கள்’ல மறைஞ்சுக்கிறது நானா, நீயா?”

“ரெண்டு பேரும்னு வெச்சுக்கோயேன்” என்றான். முதல் தடவையாக அவன் குரல் வயதானவர் குரல்போல் இருந்தது. எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். வரவில்லை. போனை வைத்தேன்.

7

நான்காம் முடிவு ஒன்று இருக்கிறது. அதைக் கொடுத்தவன் அண்ணன்தான்: ‘நாம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.’ ஒருத்தி பேருந்து நிறுத்தத்திலிருந்து, ஒருவன் ஒரு பகல் ரயில் தூரத்திலிருந்து. அண்ணனும் தங்கையும் சேர்ந்து செய்த ஒரே காரியம். ஒரு சொல்லை மாற்றி, மூன்றெழுத்து கூட்டினால் போதும். அந்தப் பகலைப் பற்றி இதைவிட உண்மையான வரி கிடையாது.

ஆனால் மூன்று வருடம் என்பது அந்த நான்கு மணி நேரம் மட்டுமா? எத்தனை ஆயிரம் தடவை புரட்டினேன்? அதையெல்லாம் அவனோடு பங்கு போட்டுக்கொள்ள ஒரு ‘நாம்’ வேண்டுமா? மாட்டேன். செத்தாலும் மாட்டேன்.

மணி மூன்று ஐம்பது. இதுவரை செய்தது ஒன்றுதான்: 112ஆம் பக்கத்தைத் திருப்பி, ‘நாங்கள்’ என்பதை அடித்தேன். அழுத்தி அடித்ததில் தாள் கிழிந்துவிட்டது. தமிழில் எழுவாயை அடித்தால் சும்மா இருக்க முடியாது, வினையின் வாலும் மாற வேண்டும். அதையும் அடித்தேன். ‘கண்ணுக்குள் வைத்து’ என்பதையும் அடித்தேன், அது யாருக்கும் பொருந்தாது. இப்போது அந்த வரி இப்படி நிற்கிறது:

‘அப்பா படுக்கையில் கிடந்த அந்த மூன்று ஆண்டுகளும் ………… அவரைப் பார்த்துக்கொண் …………’

இந்தத் தாள் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. ஒரு சொல்லும் ஒரு வாலும் நீங்கள் போட வேண்டும். என்மேல் பரிதாபப்பட்டுப் போடாதீர்கள். அண்ணன்மேல் கோபப்பட்டும் போடாதீர்கள், அந்தக் கோபம் எனக்குச் சொந்தமானது. இவ்வளவு நேரம் பேசியும் உங்களையும் என்னையும் சேர்த்து ஒரு தடவைகூட ‘நாம்’ என்று நான் சொல்லவில்லை, கவனித்தீர்களா? சொல்லிவிட்டால் நீங்களும் உள்ளே வந்து மறைந்துகொள்வீர்கள்.

கீழே ஸ்கூட்டர் சத்தம். முதலாளி வந்துவிட்டார். படியேறும்போதே குரல் கொடுப்பார், இந்த இருபத்திரண்டு வருடமும் கொடுத்த அதே குரல்தான். இதோ, கேட்கிறார்.

“என்னம்மா, ஆச்சா?”