விரலுக்கு முன்னே போனது

"நான் போகேல்லை எண்டால் போகேல்லை, பிறகென்ன—"

"நீங்கள் போகாட்டில் ஆர் படிக்கிறதப்பா—"

"ஆரும் படிக்கட்டும்! நேற்று நான் திக்கித் திக்கிப் படிக்க, உவன் தியாகராசா பாலுக்கு நிக்கிற பசுக்கண்டு மாதிரி என்ரை வாயையே பாத்துக்கொண்டிருந்தான்."

தெல்லிப்பழைக் கோயிலில் புராணத்தை மார்க்கண்டு வரிவரியாகப் படிக்க, தியாகராசா அதற்குப் பயன், அதாவது பொருள், சொல்வார். கண் ஒப்பரேசனுக்குப் பிறகு நேற்றுத்தான் மார்க்கண்டு மறுபடி படிக்க இருந்தார். பார்வையில் குறையில்லை என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆனால் வரி ஓடவில்லை. இனிப் புத்தகத்தைத் தொடுவதில்லை என்று நின்றார்.

மனைவி கேதீஸ்வரி கதிரையை இழுத்து அவர் முகத்துக்கு நேரே போட்டாள்.

"இந்தாங்கோ பேப்பர். வாசியுங்கோ, நான் உங்கடை கண்ணைப் பாக்கிறன்."

"கலியாணத்தண்டு பாக்காத கண்ணே?"

"அண்டைக்கு நான் நிலத்தையெல்லே பாத்தனான். வாசியுங்கோப்பா."

அவர் எழுத்தெழுத்தாக விரலை நகர்த்தினார். குரல் விரலோடு நொண்டியது.

"உதென்ன புதுப் பழக்கம்?"

"வரி தப்பிப்போடுமெண்டு பயம்."

"எடுங்கோ விரலை."

எடுத்தார். முதல் வரி தடுமாறியது. மூன்றாவது வரியில் குரல் வழுக்கிக்கொண்டு ஓடியது.

"ஐயோ, உங்கடை கண் ஓடேல்லையப்பா, குதிக்குது! ஒரு குதி, ஒரு நிப்பு, பிறகும் குதி. தோட்டத்திலை மைனா மேயிற மாதிரி. நீங்கள் விரல் வைச்சு அதின்ரை காலைக் கட்டிப்போட்டியள்."

"பகிடி விடாதையும்."

"மயிலிட்டிக் கடலில்" என்று அவர் வாசித்த கணத்தில், கண் எவ்வளவு முன்னே குதித்திருக்கிறது என்று பார்க்க, அவள் மிச்ச வரியை உள்ளங்கையால் மூடினாள்.

"காற்று பலமாக வீசும்" என்று சொல்லிவிட்டுத்தான் குரல் நின்றது.

கையை எடுத்துப் பார்த்தார்கள். அந்த மூன்று சொற்களும் அங்கேயே இருந்தன.

"உங்களுக்குப் பாடமோ?"

"இண்டையான் பேப்பரை ஆரப்பா பாடமாக்கிறது? வேறை வரியிலை திரும்ப மூடும்."

மூடினாள். மறுபடியும் மூடிய கைக்குள்ளிருந்து சொற்கள் வந்தன. இருவரும் சிரிக்கவில்லை.

கோயில் மணி கேட்டது. மார்க்கண்டு முகம் கழுவி, சால்வையைத் தோளில் போட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டார். வாசல் படலையடியில் நின்று திரும்பினார்.

"கேதீஸ், கண் சொல்லை விட்டிட்டு முன்னே போட்டுது, வாய் இன்னும் அதுக்கு வரேல்லை. அந்த நேரம் உந்தச் சொல்லுகளை ஆர் வைச்சிருந்தது?"