ஒரெஸ்தே அடுக்கிய கொழுப்பு

ஜனவரியில் ஒரெஸ்தே பன்றியின் முதுகுக் கொழுப்பைப் பளிங்குத் தொட்டிக்குள் அடுக்கினான். மறு வாரமே பெல்ஜியத்து நிலக்கரிச் சுரங்க வேலைக்கு ரயிலேறினான். கொழுப்பு ஆறு மாதம் உப்பில் ஊற வேண்டும். "பர்த்தலமேயு திருநாளுக்கு வந்துடுவேன். தொட்டிய நானே திறக்கிறேன்" என்று மனைவி டெர்னாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனான்.

ஆகஸ்டில் திருநாள் வந்து போயிற்று. பளிங்கு வெட்டும் இத்தாலிய மலையூரான கொலொன்னாத்தாவில் மற்ற வீடுகளின் தொட்டிகளெல்லாம் திறந்தாயிற்று. டெர்னா மட்டும் திறக்கவில்லை.

கெட்டுப்போகும் என்ற பயமில்லை. உப்புநீர் மேலே நிற்கும்வரை ஒன்றும் ஆகாது. மாதம் ஒருமுறை நிலவறைக்கு இறங்கி, கல் மூடியைச் சற்றே நகர்த்தி, விளக்கைப் பிடித்து நீர்மட்டம் பார்ப்பாள். வாசனைக்காகக் கொழுப்பின் மேல் போடும் ரோஸ்மேரிக் குச்சிகளை ஒரெஸ்தே எப்போதும் ஒரே திசையில் வைப்பான். அவை அப்படியே கிடந்தன. பார்த்துவிட்டு மூடிவிடுவாள்.

கொழுப்பில் பாதி ஒரெஸ்தேயின் அக்கா செலிந்தாவுக்குச் சொந்தம். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வளர்த்த பன்றி அது. செப்டம்பரில் ஒரு காலை அவள் வந்து நிலவறைப் படியில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்காவது மூடியத் தூக்குவியா? இல்ல மெழுகுவத்தி ஏத்திக் கும்பிடணுமா?"

"அவர் வரட்டும் அக்கா."

"எங்க வீட்டுக்காரர் தெனமும் ரொட்டியும் வெங்காயமுந்தான் மலைக்குக் கொண்டுபோறாரு. கல்லு வெட்டுற உடம்புக்கு அது காணுமாடி? 'உங்க பன்னி இன்னும் உசுரோடவா இருக்கு'ன்னு கூட வேலை பாக்குறவங்க கேக்குறாங்களாம்."

டெர்னாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"உனக்கு மட்டுந்தான் அவன் இல்லாத குறையா? எனக்கும் தம்பிதான்" என்று எழுந்து போனாள் செலிந்தா.

வியாழனன்று கடிதம் வந்தது.

"இன்னும் ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. இங்கே ரொட்டிக்கு வெண்ணெய்தான். அதைச் சாப்பிடும்போது, நீங்கள் எல்லோரும் அங்கே நம் கொழுப்பைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். மிளகு கூடிவிட்டதோ என்று ரயிலிலேயே சந்தேகம். எப்படி இருக்கிறது? அதைப்பற்றி நீ எழுதவே இல்லையே."

டெர்னா கடிதத்தை மடித்தாள். விரித்து மறுபடி படித்தாள். பிறகு செலிந்தாவின் வாசலில் போய் நின்றாள்.

"மூடியத் தூக்கணும். ஒரு கை கொடுங்க அக்கா."

ஒரெஸ்தே தனியாகத் தூக்கும் மூடி. இருவரும் மூச்சு வாங்கத் தூக்கிச் சுவரோரம் சாய்த்தார்கள். டெர்னா குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். முதல் துண்டின் உப்பைச் சுரண்டி, மறுபக்கம் தெரியுமளவு மெல்லிதாகச் சீவினாள். சூடான ரொட்டியில் வைத்ததும் அது கண்ணாடிபோல் ஆயிற்று.

இருவரும் நின்றபடியே மென்றார்கள்.

"மிளகு கூடுதல்தான்" என்றாள் செலிந்தா. "அவன்கிட்ட எழுதாத."

"கேட்டிருக்காரே."

"அப்ப எழுது. நீங்க போட்டதிலேயே இதுதான் மோசம்னு எழுது. ரோஷம் வந்து கெளம்பி வரட்டும்."

டெர்னா இன்னொரு சீவல் சீவினாள்.

செலிந்தாவின் பங்கு கூடைக்குப் போயிற்று. தன் பங்கிலும் எல்லாவற்றையும் டெர்னா வெளியே எடுத்தாள். அடியில் ஒரு துண்டை மட்டும் தொடவில்லை.

"இது?"

"இருக்கட்டும்."

"தொட்டியக் காலி பண்ணிக் கழுவாம, பூண்டு தேய்க்காம, புதுசு எப்படிடி அடுக்குவ? அப்படி யாரும் செஞ்சதில்ல."

"தெரியும் அக்கா."

செலிந்தா குனிந்து பார்த்தாள். நீர்மட்டம் இறங்கி, துண்டின் ஒரு மூலை வெளியே தெரிந்தது. நிமிர்ந்து படியேறிப் போனாள். சற்று நேரத்தில், உப்புநீர் காய்ச்ச அவள் அடுப்பில் சட்டி வைக்கும் சத்தம் மேலிருந்து கேட்டது.