மாமியார் எந்த ஹிரோமாருவில்?

கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது என் உத்தியோகம். ஓய்வு பெறும்வரை அதைத்தான் செய்தேன். ஒரு குன்றிமணி கூடவோ குறையவோ பேசிப் பழக்கமில்லாதவன் என்பதற்காக இதைச் சொல்கிறேன். இனி வருவதை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

என்னிடம் ஒரு ஹிரோமாரு கார் இருந்தது. இருந்தது என்பதா, இருக்கிறது என்பதா என்பதில்தான் சிக்கலே.

ஹிரோமாரு ஜப்பான் கம்பெனி. அதன் வரலாற்றை எங்கள் ஹிரோமாரு உரிமையாளர் சங்கத் தலைவரான பல் டாக்டர் சொல்லிக் கேட்க வேண்டும். பல் பிடுங்கும்போதுதான் சொல்வார். வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவன் குறுக்கே பேச முடியாதல்லவா? அவர் கணக்குப்படி, கம்பெனியை ஆரம்பித்தவர் முதலில் குடைக்கம்பி செய்து பிழைத்தவர். ஒரு வருஷம் மழையே பெய்யவில்லை. விற்காமல் குவிந்த கம்பியையெல்லாம் வளைத்து நெளித்து ஒரு மூன்று சக்கர வண்டி செய்தார். மறுவருஷம் மழை கொட்டியது, ஆனால் அதற்குள் அவருக்கு வண்டி ருசி பிடித்துவிட்டது. நான்காவது சக்கரத்தைச் சேர்த்த கையோடு, இனி இதில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டிவிட்டார். அதனால் ஹிரோமாரு என்றால் ஒரே மாடல், ஒரே வெள்ளை. வேறு நிறம் கேட்டு வந்தவர்களிடம், “வேண்டிய நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு ஓட்டுங்கள்” என்று சொல்லி அனுப்பினாராம்.

சாவியிலும் மனிதர் தாராளம் காட்டவில்லை. மொத்தக் கம்பெனிக்கும் நாலைந்து மாதிரிச் சாவிகள்தான். திருட்டுப் போனால் என்ன செய்வது என்று யாரோ கேட்டதற்கு, “இதைத் திருடுகிறவனுக்கு இதுவே தண்டனை” என்றாராம். புதிதில் அந்தச் சாவிகளுக்குள் ஏதோ வித்தியாசம் இருந்தது. நாள்பட நாள்படத் தேய்ந்து, எல்லாம் ஐஸ் குச்சி மாதிரி மழமழவென்று ஆனபிறகு எந்தச் சாவியும் எந்த வண்டியையும் திறந்தது. நாங்கள் அதைக் குறையாக நினைக்கவில்லை. சாவியைத் தொலைத்தவர் பக்கத்து உறுப்பினரிடம் இரவல் வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான். டாக்டர் மட்டும் தன் சாவியைத் தனியாகக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் மாட்டியிருப்பார். மற்றவர்கள் வீட்டுச் சாவி, பீரோ சாவி, பூட்டே இல்லாத சாவி என்று கொத்தோடு கொத்தாக வைத்திருந்தோம்.

இனி என் மாமியார். அவர் என்னோடு பேசுவதில்லை. சண்டையெல்லாம் கிடையாது. கல்யாணத்துக்கு நான் சைக்கிளில் வந்து இறங்கினேன். அன்றைக்கு மூடிய வாய். சொல்ல வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்வார். “யாராவது போய் மோட்டாரை நிறுத்துனா தேவலை, தொட்டி வழியுது.” அந்த யாராவது நான்தான். அவரைப் பேச வைக்கத்தான் காரே வாங்கினேன். வாங்கிய அன்று பின் சீட்டில் ஏறி ஒரு சுற்று வந்தார். இறங்கும்போது கதவைப் பார்த்து, “சீட்டுக் கம்பி முதுகுல குத்துது” என்றார். குடைக்கம்பிக்காரர் செய்த சீட்டு, குத்தாமல் என்ன செய்யும்? ஆனாலும் அதன்பிறகு நான் எங்கே வண்டியை எடுத்தாலும் பின்னால் ஏறிப் படுத்து, சால்வையால் முகத்தை மூடித் தூங்கிவிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் வருஷாந்திரக் கூட்டம். என் மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள், சாயங்கால ரயிலில் வருவதாக ஏற்பாடு. கிளம்பும்போதே வாசலில் நின்று எச்சரித்திருந்தாள்.

“அம்மாவை உங்க பொறுப்புல விட்டுட்டுப் போறேன். திரும்பி வந்து பாக்கும்போது ஒரு கீறல் இருக்கக் கூடாது.”

“கார்லயா?”

“கார்ல இருக்குற கீறல் எனக்குத் தெரியும். பெட்ரோல் மூடிக்குக் கீழ, விரல் நீளத்துக்கு. நான் அம்மாவைச் சொல்றேன்.”

கூட்டத்தில் முக்கியமான நிகழ்ச்சி போட்டோ. மைதானத்தில் எல்லா வண்டிகளையும் வரிசையாக நிறுத்தி எடுப்போம். அதற்கு டாக்டர் ஒரு சட்டம் வைத்திருந்தார். தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ, வண்டி அப்படியே படத்தில் விழ வேண்டும். எனவே நம்பர் பலகைகளைக் கழற்றிவிட வேண்டும். முன்னால் தொங்கும் பொம்மை, உள்ளே கிடக்கும் காகிதம், துடைக்கிற துணி எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். அத்தனையையும் ஒரு மூட்டையாகக் கட்டித் தன் வண்டியின் பின் சீட்டில் வைத்து, மேலே தன் மழைக்கோட்டைப் போர்த்திவிட்டார். என் மாமியாரையும் எடுக்கச் சொன்னார். தூங்குகிறவரை எழுப்பும் தைரியம் எனக்கில்லை என்றேன். சீட்டோடு சீட்டாகப் படுத்திருந்ததால் படத்தில் தெரியமாட்டார் என்று விட்டுவிட்டார்.

படம் எடுத்து முடித்தார்களோ இல்லையோ, பிடித்துக்கொண்டது மழை. சாதாரண மழையா? மைதானத்தில் நின்றிருந்த என் சட்டைப் பையில் ஒரு மீன் விழுந்தது. சின்ன மீன்தான், பெரிதாகச் சொல்ல விரும்பவில்லை. எல்லோரும் ஓடினோம். கைக்குக் கிடைத்த கதவில் சாவியை விட்டேன், திறந்தது. பின்னால் சால்வை தெரிந்தது. வண்டியைக் கிளப்பினேன்.

வழியெல்லாம் நான் பேசிக்கொண்டு வந்தேன். பதில் வராத இடத்தில் பேசுவது ஒரு சுகம். டாக்டரைத் திட்டினேன், மழையைத் திட்டினேன், கல்யாணத்தன்று சைக்கிளில் வந்ததற்கு என்ன காரணம் என்பதையும் விளக்கினேன். வீட்டு வாசலில் நிறுத்திப் பின் கதவைத் திறந்தேன். சால்வை விலகியது. உள்ளேயிருந்து வேறொரு அம்மாள் என்னைப் பார்த்து, “அதுக்காக சைக்கிள்லயா வருவாங்க?” என்றார்.

“அம்மா, நீங்க யாரு?”

“அதை நான் கேக்கணும். என் பையன் எங்க?”

“உங்க பையன் யாரு?”

“தையல்காரன். வெள்ளைக் கார் வெச்சிருக்கான்.”

உள்ளே போன் அலறியது. ஓடிப்போய் எடுத்தேன். பல் டாக்டர்.

“ஐயா, உங்க வண்டியில என் மூட்டை இருக்கா?”

“மூட்டை இல்லை டாக்டர், ஒரு அம்மா இருக்காங்க.”

“உங்க மாமியார்தானே?”

“இல்லைங்க. தையல்காரரோட அம்மா.”

“அப்போ என் வண்டி டிக்கியில எப்படி ரொட்டித் தட்டு வந்துச்சு?” என்றார், ஏதோ அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பது போல. பிறகு கொஞ்சம் யோசித்து, “எல்லாரும் எதையும் தொடாம அப்படியே மைதானத்துக்கு வாங்க” என்று உத்தரவு போட்டார்.

கடிகாரத்தைப் பார்த்தேன். மனைவியின் ரயில் வருவதற்குள் மாமியாரைக் கண்டுபிடித்து வீட்டில் உட்கார வைக்க வேண்டும். தாயைத் தொலைத்துவிட்டேன் என்று மகளிடம் எந்த வாயால் சொல்வது? பதிலுக்கு இன்னொரு தாய் இருக்கிறார் என்று சொன்னால் ஒத்துக்கொள்கிற ரகம் அல்ல அவள்.

பாதி வழியில் போலீஸ்காரர் கையைக் காட்டினார்.

“நம்பர் எங்க?”

“மூட்டையில.”

“மூட்டை எங்க?”

“கார்ல.”

“இது என்ன?”

“இதுவும் கார்தாங்க. ஆனா அந்தக் கார் இல்லை.”

“இது யார் கார்?”

“தெரியலை.”

“பின்னாடி இருக்குறது யாரு?”

“இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

“நீங்க யாரு?”

தையல்காரரின் அம்மாதான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “விடுங்க தம்பி, என் மாப்பிள்ளைதான். புத்தி கொஞ்சம் தடுமாறிப்போச்சு.” போலீஸ்காரர் என்னைப் பார்த்த பார்வையில் அப்படியொரு இரக்கம். வழிவிட்டார். மாப்பிள்ளை என்று ஒரு மாமியார் என்னைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவும் என்னுடையவர் அல்ல.

மைதானத்தில் மழை விட்டிருந்தது. தையல்காரர் ஓடிவந்து தன் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் டாக்டரின் வண்டியை எடுத்துப் போயிருக்கிறார். மழைக்கோட்டுக்குள் இருந்த மூட்டையை அம்மா என்று நினைத்து, தூக்கம் கலையக் கூடாதென்று மெதுவாகவே ஓட்டியிருக்கிறார்.

“பாதி வழியில டீ வேணுமான்னு கூடக் கேட்டேம்மா. நீ பதில் சொல்லலைன்னதும் கோவமா இருக்கேன்னு நினைச்சேன்.”

“மூட்டைக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியலை உனக்கு” என்றார் அம்மா.

என் கண்கள் என்னுடையவரைத் தேடின. டாக்டர் சொன்ன தட்டுக்குச் சொந்தக்காரரான ரொட்டிக்கடைக்காரர் ஒரு வண்டியிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அடிபட்டுவிட்டதோ என்று பதறினேன். சிரித்துச் சிரித்து வந்த வலியாம்.

“யோவ், உங்க மாமியார் இப்படிப் பேசுவாங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே! கிளம்புன உடனே, ‘யாராவது கண்ணாடியை ஏத்துனா தேவலை’ன்னு குரல் வந்துச்சு. அவ்வளவுதான், அப்புறம் வாயே ஓயலை. உங்க சைக்கிள் கதையைச் சொன்னாங்க பாருங்க...”

பின் கதவைத் திறந்து மாமியார் இறங்கினார். ஒரு கீறல் இல்லை. என்னைப் பார்த்துவிட்டு, பார்க்காதது போலத் தூரத்து மரத்தைப் பார்த்தார். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. எது எவ்வளவு என்று எந்தத் தராசிலும் நிறுக்க முடியவில்லை.

அத்தோடு கலைந்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் டாக்டர், ஒழுங்காக நடக்க வேண்டும் என்று சொல்லி, எல்லா வண்டிகளையும் மறுபடி வரிசையில் நிறுத்தச் சொன்னார். நிறுத்தினோம். இறங்கித் திரும்பிப் பார்த்தால் எது எவர் கொண்டுவந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. “என்கிட்ட இருந்ததுதானே டாக்டர் வண்டி? இதுல ஒண்ணுதான்” என்று தையல்காரர் வரிசை முழுவதையும் கையால் காட்டினார்.

“அவங்கவங்க வண்டிக்குன்னு ஒரு அடையாளம் இருக்கும்ல? அதைச் சொல்லுங்க” என்றார் டாக்டர்.

“என்னோடதுல இடது ஜன்னல் பாதியில நின்னுடும்” என்றார் தையல்காரர். எல்லா வண்டியிலும் இடது ஜன்னல் பாதியில் நின்றது.

“என்னோடது திரும்பும்போது பூனை மாதிரி கத்தும்” என்றார் ரொட்டிக்கடைக்காரர். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தோம். மைதானத்தில் ஒரு பூனைக் குடும்பமே இருந்தது.

பெட்ரோல் மூடிக்குக் கீழே கீறலைத் தேடிப் போனேன். முதல் வண்டியில் இருந்தது. அப்பாடா என்று நிமிர்ந்தால் அடுத்ததிலும் இருந்தது, அதற்கடுத்ததிலும் இருந்தது. மூடியைத் திறக்கும்போதெல்லாம் சாவிக்கொத்து ஊசலாடிப் போட்ட கோடு அது. இவ்வளவு நாளாக என் வண்டிக்கென்று நான் நினைத்துப் பொறுமிய வியாதியெல்லாம் ஊருக்கே பொதுவாக இருந்தது. ஆளாளுக்கு முகம் செத்துப்போய் நின்றோம். எஞ்சின் நம்பரைப் பார்க்கலாமே என்று ஒருவர் சொன்னார். அதன் மேலும் குடைக்கம்பிக்காரர் வெள்ளை அடித்திருந்தார்.

ரயில் நேரம் நெருங்கியது. கிடைத்த வண்டியில் கிளம்பலாம் என்றால், பலகையை எதில் மாட்டுவது? மாட்டிவிட்டால் பிறகு அதுதானே என் வண்டி?

அப்போது மாமியார் நடந்தார். வரிசையின் இந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு வண்டியாகப் பின் கதவைத் திறந்து, ஏறி உட்கார்ந்து, ஒரு முறை சாய்ந்து பார்த்து, இறங்கினார். பின் சீட்டிலேயே காலத்தைக் கழித்தவருக்கு முதுகு சொல்லும் என்று ரொட்டிக்கடைக்காரர் கிசுகிசுத்தார். கடைசிக்கு முந்தின வண்டியில் ஏறியவர் இறங்கவில்லை. கண்ணை மூடிச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

“அதோ, கண்டுபிடிச்சுட்டாங்க!” என்று தையல்காரரின் அம்மா கை தட்டினார். என் வண்டியை என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை, இவருக்குத் தெரிந்திருக்கிறதே! மூட்டையிலிருந்து என் பலகையைத் தேடியெடுத்து அவசரமாகத் திருகி மாட்டிவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். சாவியைப் போட்டேன். பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்தேன்.

பின்னாலிருந்து குரல் வந்தது. சுவரிடம் அல்ல, கதவிடம் அல்ல.

“சீக்கிரம் எடுங்க மாப்பிள்ளை. பல் டாக்டர் திரும்பிப் பாக்குறதுக்குள்ள.”

எடுத்தேன். மைதானத்தைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டி வரைக்கும் வந்துவிட்டோம்.

“அந்தத் தையல்காரர் மூட்டையோட இறங்குன வண்டியை அப்பவே பாத்து வெச்சேன்” என்றார் அவராகவே. “சீட்டு பஞ்சு மாதிரி இருக்கு. கம்பியே தெரியலை. மனுஷன் யாரையும் பின்னாடி ஏத்துனதே இல்லை போல.”

“அப்போ நம்ம வண்டி?”

“அவருக்கு ஒண்ணு கிடைக்காமலா போயிடும்? அங்கதான் வரிசையா நிக்குதே.”

மிச்ச வழியில் சட்டைப் பையில் மீன் விழுந்த கதையை அவரிடம் சொன்னேன். நாங்கள் போய்ச் சேர்ந்து, அவர் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்கும் என் மனைவி வாசலில் பையோடு வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. அம்மாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். திருப்தி. அதோடு உள்ளே வந்திருக்கலாம். வண்டியை ஒரு சுற்று சுற்றினாள், பெட்ரோல் மூடிக்குக் கீழே குனிந்தாள், விரலால் தடவினாள். கழுத்தில் ஒற்றைச் சாவி மாட்டியவர் வண்டியில் கீறல் எங்கிருந்து வரும்?

“என்னங்க, இங்க ஒரு கீறல் இருந்துச்சே, எங்க?”

நான் வாயைத் திறந்தேன். தராசுக்காரன், பொய் வரவில்லை.

“நல்ல மழைடி” என்றார் என் மாமியார். “அடிச்சுட்டுப் போயிருக்கும். மாப்பிள்ளை சட்டைப் பையில மீனே விழுந்துச்சாம். வேணும்னா அவரையே கேளு.”