நான்கு ஓட்டைகள்

நான்கு ஓட்டைகளைக் காணோம்.

நான்கு போல்ட், நான்கு நட்டு, ஒரு ஸ்பானர் சகிதம் பிக்கப்பின் பின்தொட்டியில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. தொட்டியின் தரை முழுக்கப் புதுப் பச்சைப் பெயிண்ட், குனிந்தால் முகம் தெரிந்தது. நானே அளந்து, நானே சாக்பீஸால் வட்டம் போட்டுக் கொடுத்து, என் கண் முன்னால் என் வீட்டுக்காரர் டிரில் போட்ட ஓட்டைகள் அவை. என் தையல் மெஷினின் நான்கு கால்களுக்காக. இரண்டு மாதத்துக்கு முன்னால் இருந்தன.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். டேப் எடுத்து மறுபடி அளந்தேன். அப்புறம் வண்டிக்கு அடியில் ஒரு சாக்கை விரித்து மல்லாந்து படுத்து, தகட்டின் அடிப்பக்கத்தைத் தடவினேன். இருபது வருடமாக ரெக்சினுக்கு அடியில் ஆணி எங்கே, பின் எங்கே என்று தேடிய விரல்கள் இவை. சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சின்ன மேடு தட்டுப்பட்டது. சரியாக ஓரடி தள்ளி இன்னொன்று. பிறகு மூன்றாவது, நான்காவது. வெல்டிங் வைத்து அடைத்து, கிரைண்டர் போட்டு இழைத்து, பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, அதன் மேல் பெயிண்ட். யாரோ பொறுமையாக உட்கார்ந்து செய்த வேலை. யாரோ என்ன யாரோ, எங்கள் வீட்டில் வெல்டிங் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்.

நான் குஷன் வேலை செய்கிறவள். வேன் சீட்டு, சோபா, பைக் சீட்டு, கிளினிக் நாற்காலி, எதுவாக இருந்தாலும் பிரித்துத் தைப்பேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் பத்துக்குப் பத்து அறையில் வாடகைக்குக் கடை வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு செங்கல் சூளையின் பின்புறத்தில் இந்த வண்டியைப் பார்த்துவிட்டு வந்து, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தார். ஐம்பது வருடத்து பிக்கப். கதவுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. அதை டிராக்டரில் கட்டி இழுத்து வந்து எங்கள் வீட்டு முற்றத்தில் நிறுத்தினார்கள். என் மாமனாரை நான் பார்த்ததில்லை, கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். அன்றிலிருந்து வண்டிக்கு "மாமனார்" என்று பேர் வைத்துவிட்டேன். வாசலை அடைத்துக்கொண்டு, எதற்கும் உதவாமல், வருகிறவர்களின் மரியாதையை எல்லாம் வாங்கிக்கொண்டு இருந்ததால் அந்தப் பேர் நன்றாகவே பொருந்தியது.

வண்டியை வீட்டுக்குள் விட நான் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன். ஓடத் தொடங்கியதும் அது என் கடை. பின்தொட்டியில் மெஷின், பக்கத்தில் ரெக்சின் சுருள்கள் வைக்க நீளப் பெட்டி, மேலே இழுத்துக் கட்டப் பந்தல் துணி. சோபாவைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் என்னிடம் வர வேண்டாம், நான் அவர்கள் வாசலுக்குப் போவேன். அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். நானும் சும்மா இருக்கவில்லை. மூன்று வருடம் லீவு நாளெல்லாம் உப்புத்தாள் வைத்துத் துரு தேய்த்தேன். கூரையின் உள்துணி நான் ஒட்டியது. கதவு அட்டைகள் நான் வெட்டியது. சீட்டை ஸ்பிரிங் முதற்கொண்டு நானே கட்டினேன்.

சாக்கை உதறிவிட்டு எழுந்தேன். அவர் தண்ணீர்க் குழாயடியில் குத்தவைத்து, வண்டியின் முன்பக்கக் கம்பித்தட்டைப் பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, தொட்டில இருந்த ஓட்டைய அடைச்சிட்டீங்களா?"

பிரஷ் நின்றது. "எந்த ஓட்டை?"

"உங்க மூக்குல இருக்கிற ஓட்டை. மெஷினுக்குப் போட்டோமே, அந்த நாலு."

"ஓ, அதுவா. தண்ணி இறங்குச்சு. துரு பிடிக்குமேன்னு அடைச்சேன். அப்புறமா போட்டுக்கலாம்."

"அப்புறமான்னா எப்போ?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை முடியட்டும். கிளப்காரங்க வண்டி பார்க்க வராங்கல்ல. அவங்க கண்ணுல எதுக்குப் படணும்னுதான்."

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் சேர்ந்து ஒரு கிளப் நடத்துகிறார்கள் என்று எனக்குத் தெரியும். வருவார்கள், டீ குடிப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், போவார்கள் என்று நினைத்திருந்தேன்.

"இவ்வளவு அழகா பெயிண்ட் அடிச்சுட்டு மறுபடியும் டிரில் போடுவீங்களா?"

"டச்சப் பண்ணிக்கலாம்மா."

முந்தின நாள்தான், தொட்டியின் விளிம்பில் பையை வைத்ததற்காக மகளைக் கால் மணி நேரம் திட்டியிருந்தார். என் காதில் பூ சுற்றுகிறார் என்று தெரிந்தது. ஆனால் எவ்வளவு பெரிய பூ என்று தெரியவில்லை. பந்தல் துணிக்கு வைத்த கொக்கிகளையும் காணோமே என்று அப்போதுதான் உறைத்தது. பெயிண்டுக்காகக் கழற்றியிருப்பதாகச் சொல்லியிருந்தார், நானும் தலையாட்டியிருந்தேன்.

மகள் தலையில் துண்டோடு வாசலில் வந்து நின்றாள். கல்லூரியில் படிக்கிறாள், அப்பாவின் கடிதம், விண்ணப்பம் எல்லாம் அவள்தான் அடித்துக் கொடுப்பாள்.

"அப்பா," என்றாள் மெதுவாக. "நீங்க இன்னும் அம்மாகிட்ட சொல்லவே இல்லையா?"

அவர் கம்பித்தட்டைப் பார்த்தார். நான் மகளைப் பார்த்தேன்.

"என்னத்தச் சொல்லணும்?"

"சொல்லிட்டேன்னு சொன்னாரும்மா. நான் சத்தியமா சொல்லியிருப்பார்னுதான் நினைச்சேன்." போனை என்னிடம் நீட்டினாள்.

கிளப்பில் சேருவதற்கான படிவம். பின்தொட்டி முதலில் வந்த நிலையிலேயே இருக்கிறது, இனியும் அதில் துளை போடவோ எதையும் பொருத்தவோ மாட்டேன், வண்டியைத் தொழிலுக்குப் பயன்படுத்த மாட்டேன் என்று எழுதி, கீழே அவர் கையெழுத்து. புதுப்பித்தவர் யார் என்ற கட்டத்தில்: உரிமையாளர் மட்டும், இருக்கை வேலை உட்பட. தேதி போன மாதம் மூன்று.

எனக்கு அந்த "உட்பட"கூட அப்போது பெரிதாகப் படவில்லை. தேதிதான் நெஞ்சில் இடித்தது. போன மாதம் பத்தாம் தேதி என் பிறந்த நாள். அன்று மதியம் கடைக்கு வந்தார், கையில் ஒரு கேக் டப்பா. கதவோரம் நின்று, "இன்னும் எத்தனை நாளைக்கு இந்தப் பொந்துல உட்காருவ? மாமனார் ரெடி ஆயிட்டாரு. மாசக் கடைசியில கடைய விட்டுடு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருடத்தில் அவர் கொடுத்த பெரிய பரிசு அதுதான் என்று பக்கத்துக் கடைக்காரியிடம்கூடச் சொன்னேன். மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்தேன். மறுநாளே செல்போன் பழுது பார்க்கிறவர் அங்கே போர்டு மாட்டிவிட்டார். என் மெஷின் எங்கள் ஹாலின் நடுவில், பெட்ஷீட் போர்த்தி நிற்கிறது.

ஆக மூன்றாம் தேதி கையெழுத்துப் போட்டுவிட்டு, பத்தாம் தேதி கேக்கோடு வந்திருக்கிறார்.

"வண்டிய தரப்போறதில்லைன்னு முடிவு பண்ணியாச்சு. சரி. அப்புறம் எதுக்குக் கடைய விடச் சொன்னீங்க?"

அவர் மறுபடி பிரஷால் தேய்க்கத் தொடங்கினார். பிறகு கம்பித்தட்டிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"கடை இருந்தா நீ அங்கேயேதான் கிடப்ப. சீட்டு முடியாது. அவங்க வர்ற தேதிக்குள்ள முடியணுமேன்னு..."

அந்தப் பதிலில் பொய் இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. நான் உள்ளே போய்ச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அந்தக் குழாய் இரண்டு வருடமாகச் சொட்டுகிறது. குளியலறைத் தாழ்ப்பாள் ஒற்றை ஸ்க்ரூவில் தொங்குகிறது. இந்த வீட்டில் அந்த மனிதர் கை வைத்த எதுவும் முழுதாக முடிந்ததில்லை. அந்த நான்கு ஓட்டைகளை மட்டும் ஒரு குறை வைக்காமல் முடித்திருக்கிறார்.

அவர் கெட்டவர் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். லிஃப்ட் ஓடினால் யாரும் மெக்கானிக்கை நினைப்பதில்லை, நின்றால்தான் திட்டக் கூப்பிடுவார்கள். முப்பது வருடம் அப்படியே போயிற்று. ஒரு நாளாவது நாலு பேர் சுற்றி நின்று, "அடேயப்பா, நீங்களேவா செஞ்சீங்க?" என்று கேட்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு. அந்த ஆசை எனக்குப் புரிகிறது. அதற்கு என் கடைதான் கிடைத்ததா என்பதுதான் புரியவில்லை. கேட்டிருந்தால் ஒரு வருடம் தள்ளிப்போட்டிருப்பேன். நான் அப்படிப்பட்ட முட்டாள்தான், அவருக்கும் தெரியும்.

அந்த வாரம் முழுக்க நான் சண்டை போடவில்லை. சோறு போட்டேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன். கோபம் ஆறிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். மகள் மட்டும் என் பின்னாலேயே சுற்றினாள். "அம்மா, என்னையாவது திட்டும்மா" என்றாள். "உன்னத் திட்டி என்ன ஆகப்போகுது, போய்ப் படி" என்றேன். அவள் அழுதாள், எனக்கு அழுகை வரவில்லை.

சீட்டில் ஒரு வேலை பாக்கி இருந்தது. நான் எந்தச் சீட்டையும் முழுசாக மூடித் தருவதில்லை. பின்புற ஓரத்தில் ஒரு சாண் அளவு தைக்காமல் விட்டுவிடுவேன். சொந்தக்காரர் நாலைந்து நாள் உட்கார்ந்து, ஸ்பாஞ்சு அவர் எடைக்கு அமுங்கிய பிறகு, தளர்ந்த ரெக்சினை இழுத்துப் பிடித்து, வளைந்த ஊசியால் கையாலேயே மூடுவேன். அப்போதுதான் சுருக்கம் விழாது. என் வீட்டுக்காரர் தினமும் வேலைக்குப் போகுமுன் கேட்டார்.

"அந்த ஓரத்த எப்ப மூடுவ?"

"ஆகட்டும்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள?"

"ஞாயித்துக்கிழமை ஆயிடும்."

கிளப்பிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பேர் போட்டோ எடுப்பதிலேயே குறியாக இருந்தார்கள். தலைவர் ஒரு பல் டாக்டர், நரைத்த மீசை, சட்டைப் பையில் சின்ன டார்ச். நோயாளியின் வாயைப் பார்ப்பதுபோலவே பானெட்டுக்குள்ளும், மட்கார்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்தார். பின்தொட்டியைத் தடவிவிட்டு, "சுத்தமா இருக்கு, ஒரு ஓட்டை கூட இல்ல" என்றார். என் வீட்டுக்காரர் அடக்கமாகச் சிரித்தார். நான் டீத் தட்டோடு படியில் நின்றிருந்தேன்.

டாக்டர் கதவைத் திறந்து சீட்டில் கை வைத்தார். கையை எடுக்கவே இல்லை. தையல் வரிசையை விரலால் நூல் பிடித்தாற்போலப் பின்தொடர்ந்தார்.

"இது யார் தைச்சது?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு நிமிடத்தில் என் பெயரைச் சொல்லியிருந்தால், மெஷின், கடை, கேக் எல்லாவற்றையும் மறந்திருப்பேனோ என்னவோ.

"நான்தான் சார்," என்றார். "லீவு நாள்ல உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமா கத்துக்கிட்டேன்."

"பிரமாதம். இந்த ஓரம் மட்டும் ஏன் திறந்திருக்கு?"

"அது... இன்னும் முடிக்கல சார்."

நான் கீழே இறங்கி டீத் தட்டைப் பானெட்டின் மேல் வைத்தேன். அதைப் பார்த்து என் வீட்டுக்காரர் திடுக்கிட்டார், பெயிண்ட் கீறிவிடுமே என்று. தட்டில் பிஸ்கட்டுக்குப் பக்கத்தில், மெழுகு தேய்த்த நூல் கோத்து, வளைந்த ஊசியைத் தயாராக வைத்திருந்தேன்.

"இந்தாங்க. சார் இருக்கும்போதே முடிச்சிடுங்க. ஒரு சாண்தானே."

வாங்காமல் இருக்க முடியாது, எல்லோரும் பார்க்கிறார்கள். வாங்கினார். பேனா பிடிப்பதுபோலப் பிடித்தார். பிறகு திருப்பிப் பிடித்தார். ரெக்சினில் குத்தினார், ஊசி வளைவு எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல் அவர் கட்டை விரலிலேயே வந்து நின்றது. திருதிருவென்று விழித்தார்.

டாக்டர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் ஈறு தைத்தவர், வளைந்த ஊசியைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவர் பார்வை மெதுவாகத் திரும்பி என் கைக்கு வந்தது. ஆள்காட்டி விரலில் நூல் அறுத்து அறுத்துக் காய்த்துப்போன தழும்பு. டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். போட்டோ எடுத்தவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. ஊசி அவர் கையிலேயே இருந்தது. அவரை அந்த நிலைமையில் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று ஒரு வாரம் நினைத்திருந்தேன். இல்லை. நன்றாகத் தைத்த ஒரு சீட்டில் தப்பாகக் குத்திய ஓட்டைதான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

"ஏம்மா," என்றார் டாக்டர், குரலைத் தாழ்த்தி. "அத நீங்களே முடிச்சிடுங்களேன்."

"என் கடைய மூடியாச்சு சார்," என்றேன்.

ஆறிப்போன டீத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். ஹாலில் மெஷினைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது.