பெரிய டிரம்முக்கு ஒரு வண்டி

இல்லை, இது ஆகாது, நாலு சக்கரம் வைத்த வண்டி நேராகப் போகும், திரும்பு என்றால் திரும்பாது, கொசப்பாளையத்தில் கல்யாண ஊர்வலம் தெருமுனையில் வளையும்போதெல்லாம் பின்பக்கத்தைத் தூக்கி வைத்துத்தான் திருப்ப வேண்டும், யார் தூக்குவது, இடுப்பு எலும்பு கூடியும் கூடாமலும் நடக்கிற மனுஷனா... கண்ணகி தள்ளுவண்டியைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தாள், இரும்புச் சக்கரம் கல்லில் ஏறிக் கடகடவென்றது, இந்தச் சத்தத்துக்கு மேல் எந்த டிரம்மை அடித்து யார் காதில் விழ வைப்பது. “வாழப்பழம் வித்த வண்டிம்மா, ராசியானது, நல்லா கழுவி குட்த்துட்றேன்” என்றார் சம்பந்தம் ஆசாரி. பட்டறை அவருடையது, செய்யார் போகிற சாலையோரம், புளியமரத்தடியில். வாழைப்பழம் எந்த வண்டியில் போனால் என்ன, அது சத்தம் போடவா போகிறது. மரத்தடியில் அறுக்காமல் கிடந்த கட்டை மேல் துரைக்கண்ணு உட்கார்ந்திருந்தான், அவள் புருஷன், மாணிக்கவேல் பேண்டு செட்டில் பெரிய டிரம் அடித்தவன்... இல்லை, அடிக்கிறவன், இன்னும் யாரும் மாற்றிச் சொல்லவில்லை. அவன் வண்டிகளைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான், சாலையில் பார்க்க என்ன இருக்கிறது, லாரி போகிறது, லாரி வருகிறது. பார்க்காவிட்டால் போகிறான், கூப்பிட்டதும் எழுந்து வந்தானே, அதுவே போதும், வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாற்றிச் சொல்வார்கள் என்றால் அது இன்று சாயங்காலம்தான். முள்ளிப்பட்டில் மாப்பிள்ளை அழைப்பு, பட்டுக்காரர் வீட்டுக் கல்யாணம், பெரிய ஊர்வலம். மாணிக்கவேல் அண்ணன் நேற்று வந்தவர் வாசலோடு நின்றுவிட்டார், உட்காருங்கள் என்றதற்கும் உட்காரவில்லை, அதிலேயே தெரிந்துவிட்டது. “எத்தினி கல்யாணத்துக்கும்மா பெரிய டிரம் இல்லாம செட்ட நடத்துவேன், போளூர்லருந்து காத்தவராயன் வர்றேன்றான், நாளிக்கி வந்தா வந்ததுதான், அப்பறம் அவன நான் அனுப்ப முடியாது.” அவர் சொன்னதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, மாசியிலிருந்து பொறுத்திருக்கிறார், வேறு ஆளாக இருந்தால் விழுந்த மறுநாளே ஆள் மாற்றியிருப்பார்கள். விழுந்த நாள்... பஸ்ஸுக்குள் டிரம்மை ஏற்ற விடமாட்டார்கள், மேலே போடு, மேலே போடு, ஒவ்வொரு ஊருக்கும் இதே பாட்டு, மேலே கட்டுவதும் அவன்தான், இறக்குவதும் அவன்தான், அன்றைக்கு அவன் ஏணியில் பாதி இறங்கும்போதே யாரோ விசில் ஊதிவிட்டார்கள், வண்டி நகர்ந்துவிட்டது, டிரம்மை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்திருக்கலாம், யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள், இவன் கம்பியை விட்டுவிட்டு டிரம்மைக் கட்டிக்கொண்டான். டிரம்முக்கு ஒரு கீறல் இல்லை. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, நடக்கலாம், பாரம் மட்டும் கூடாது, கழுத்திலோ தோளிலோ எதையும் மாட்டித் தொங்கவிடக் கூடாது என்றார். பெரிய டிரம் என்றால் தோளில் வார் மாட்டி வயிற்றுக்கு முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் அடிப்பதுதானே, வேறு எப்படி அடிப்பது... வேறு எப்படி என்று அவளுக்குத் தோன்றியதும் அந்த ஆஸ்பத்திரியில்தான், எதிர்க் கட்டில்காரர் கக்கூசுக்கு எழுந்து போனார், மருந்து பாட்டில் தொங்குகிற கம்பத்தை நர்ஸம்மா உருட்டிக்கொண்டு முன்னால் போனாள், அவர் கையை வீசிக்கொண்டு பின்னால் நடந்தார். பாரம் அவர் மேல் இல்லை, கம்பத்தின் மேல். இவ்வளவுதானா, என்று இருந்தது அவளுக்கு, இவ்வளவுதான், சக்கரம் வைத்த ஒன்று வேண்டும்.

“அப்ப இத எட்துக்கோ” என்று ஆசாரி மூன்று சக்கர சைக்கிள் வண்டியின் சீட்டைத் தட்டினார். இது நல்ல வண்டிதான், இல்லை என்று சொல்ல முடியாது, சைடு டிரம், டிரம்பெட் பெட்டி, சிவப்புக் கோட்டு மூட்டை எல்லாம் ஏற்றலாம், செட்டே இனி பஸ்காரனிடம் கெஞ்ச வேண்டாம், மாணிக்கவேல் அண்ணன் பார்த்தால் இதைத்தான் எடுக்கச் சொல்வார். ஆனால் மிதிப்பது யார். அவன் மிதித்தால் இடுப்பு போய்விடும், நான் மிதிக்கலாம், புடவையைச் செருகிக்கொண்டு மிதித்துவிடலாம், மிதித்துக்கொண்டு ஊர்வலத்தோடு எப்படிப் போவது, ஊர்வலம் நடை பழகுகிற குழந்தை மாதிரி, நாலு அடி போகும், நிற்கும், யாராவது ஆடுவார்கள், ஆடி முடிக்கிறவரை நிற்கும், சைக்கிள் அப்படிப் போகாது. அகலமும் அதிகம், நெசவுத் தெருவில் காலையில் தறிக்குப் போகிற பட்டுப் பாவு நூலை வீதி நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருப்பார்கள், ஓரமாக ஒரு ஆள் போகிற இடம்தான் இருக்கும், முகூர்த்தம் முடிந்து திரும்பும்போது ஒரு சக்கரம் பட்டு ஒரு இழை அறுந்தால் போதும், அந்தத் தெருவில் அப்புறம் நம்மைக் கூப்பிடமாட்டார்கள். அந்தத் தெருக்கள் அவளுக்குக் காலால் தெரியும், கல்யாணமான புதிதில், எமர்ஜென்சி முடிந்த வருஷம், அவளும்தான் ஊர்வலத்தில் கேஸ் லைட் சுமந்தாள், தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் விளக்கு, காதோரம் உஸ்ஸென்ற சூடு, கூட விளக்குச் சுமந்த பச்சையம்மாள் அந்தப் பக்கம், இவள் இந்தப் பக்கம், நடுவில் செட்டு, கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பினால் டிரம்முக்குப் பின்னால் அவன் முகம், வேர்வையில் மினுங்கும். அப்புறம் ஜெனரேட்டர் வண்டி வந்தது, வண்டியிலேயே ட்யூப் லைட்டைக் கட்டிக்கொண்டு வந்தார்கள், விளக்குச் சுமந்த பெண்களை எல்லாம் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள், பச்சையம்மாள் கல் உடைக்கப் போனாள். ஒரு வண்டி வந்து ஆட்களை அனுப்பியதைக் கண்ணால் பார்த்தவள் நான், ஆளை இருக்க வைப்பதற்கும் ஒரு வண்டி வராதா...

மூன்றாவதை ஆசாரி காட்டவே இல்லை, அவளாகத்தான் பார்த்தாள், கொட்டகைக்குப் பின்னால் சுவரில் சாய்த்து வைத்திருந்த கைவண்டி, இரண்டே சக்கரம், ரப்பர் டயர், முன்னால் நீண்ட இரண்டு கைக்கட்டை, சாயப் பட்டறைக்கு நூல் மூட்டை இழுத்த வண்டி என்று பலகையைப் பார்த்தாலே தெரிந்தது, அரக்கும் பச்சையும் ஊறிப்போய் எந்த மழைக்கும் போகாத கறை. “அது இஸ்கிற வண்டிம்மா, தள்ற வண்டி இல்ல, கைய விட்டா முன்னால குத்திக்கும், உன்னால முடியாது” என்றார். முடியுமா முடியாதா என்று அவருக்கு எப்படித் தெரியும், எனக்கே தெரியாது, இழுத்துப் பார்த்தால்தானே... ஏற்றிப் பார்க்கக் கனமாக ஏதாவது வேண்டும், மூட்டை இல்லை, கல் இல்லை, எதிரில் ஆசாரி நிற்கிறார், நல்ல தாட்டியான ஆள். “நீங்களே ஏறி குந்துங்கண்ணா” என்றாள். அவர் சிரித்தார், அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் டீக்கடைப் பக்கம் பார்த்தார், அங்கே நாலு பேர் இருந்தார்கள், காலனிப் பெண் இழுக்கிற வண்டியில் ஏறுவதா என்று யோசிக்கிறாரோ, யோசிக்கட்டும், விற்க வேண்டும் என்றால் ஏறுவார். ஏறினார். அவள் கைக்கட்டைகளுக்கு நடுவில் போய் நின்று தூக்கினாள், தோள்பட்டை ஒருமுறை மடக்கென்றது, அப்புறம் சக்கரம் உருள ஆரம்பித்ததும் பாரம் எங்கே போனது என்று தெரியவில்லை, சத்தமும் இல்லை, ரப்பர் புழுதியைத் தின்றுகொண்டு போகிறது, புளியமரத்தைச் சுற்றினாள், நின்ற இடத்திலேயே திருப்பினாள், ஒரு சக்கரம் அசையாமல் நிற்க இன்னொரு சக்கரம் சுற்றிக்கொண்டு வந்தது, வேண்டுமென்றே பள்ளத்தில் இறக்கி ஏற்றினாள். “மெதுவாம்மா, மெதுவா” என்றார் பின்னாலிருந்து ஆசாரி. டீக்கடையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. கட்டையில் உட்கார்ந்திருந்தவனும் திரும்பிப் பார்த்திருப்பான், பார்த்தானா...

“இதான் வோணும்” என்று சொல்லி அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது மாணிக்கவேல் அண்ணன் சைக்கிளில் வந்து இறங்கினார், யாரோ சொல்லியிருக்க வேண்டும், கிளாரினெட் ஊதுகிறவருக்கு எப்போதுமே மூச்சு வாங்காது, இன்று அவருக்கும் வாங்கியது. “இன்னா கண்ணகி இது, சாமிய தேர்ல வெச்சா மாதிரி டிரம்ம வண்டில வெச்சி அடிக்கப் போறானா, சனம் சிரிக்காது?”

“சிரிக்கட்டும்ண்ணா. கல்யாணத்துல சிரிக்காத வேற எங்க சிரிப்பாங்க.”

“வண்டிய யாரு இஸ்கிறது?”

“நான்தான்.”

“செட்டுக்கு முன்னால பொம்பள வண்டி இஸ்துகினு போறதா?”

“லைட்டு தூக்கினு போகசொல்ல பொம்பளயாத்தான இருந்தேன்... அப்ப யாரும் ஒண்ணும் கேக்கலியேண்ணா.”

அவர் வண்டியைச் சுற்றி வந்தார், டயரை அழுத்திப் பார்த்தார். கோபப்படுகிறவர் டயரை அழுத்த மாட்டார். காத்தவராயனுக்கு என்ன சொல்வார், அவன் பஸ் ஏறிவிட்டானோ என்னவோ, அவன் வீட்டிலும் ஒருத்தி இருப்பாள், இன்றைக்கு முள்ளிப்பட்டு என்று அவளும் சந்தோஷமாகச் சட்டை துவைத்துக் கொடுத்திருப்பாள்... அதை நினைத்தால் ஆகாது, நினைத்தால் கை தளர்ந்துவிடும், நினைக்கக் கூடாது. “காத்தவராயன் வந்தா வரட்டும்” என்றார் அண்ணன் கடைசியில், “சாயங்காலம் ரெண்டு பேரும் இருக்கட்டும், இவன் ஒரு தெரு அடிக்கட்டும், தாளம் நிக்கிதா பாப்போம்.” ஒரு தெரு போதும். ஒரு தெரு கொடுத்தால் ஊர் முழுக்க அடிப்பான்.

டிரம் பலகையில் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் மரம் சத்தத்தைக் குடித்துவிடும், தொங்க வேண்டும். ஆசாரி பின்பக்கம் இரண்டு கம்பம் நட்டு மேலே ஒரு சட்டம் அடித்தார், எவ்வளவு உயரம் என்றதும் அவள் முந்தானையிலிருந்து சணல் கயிற்றை எடுத்தாள், காலையில் அவன் தலை வாரிக்கொண்டிருந்தபோது தரையிலிருந்து நெஞ்சு வரை பிடித்து முடிச்சுப் போட்டது, எதுக்கு என்று கேட்டான், சும்மா என்றாள். “எழுந்து வாய்யா, ஒசரம் பாக்கணும்.” அவன் கட்டையை ஊன்றி எழுந்தான், ஒரு காலை இழுத்து இழுத்து வந்தான், கம்பங்களுக்குப் பின்னால் நின்றான், இல்லாத டிரம்முக்கு இரண்டு பக்கமும் கையை விரித்தான், மாணிக்கவேல் அண்ணன் வாயாலேயே ஒரு மெட்டைப் பிடித்தார், அவன் காற்றில் அடித்தான், வலது, வலது, இடது, டீக்கடைச் சிரிப்பு நின்றுவிட்டது. “ஒரு வெரக்கட எறக்கணும்” என்றான். விழுந்ததிலிருந்து டிரம்மைப் பற்றி அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. எனக்காகச் சொன்னானா, கைக்கு எட்டவில்லை என்று சொன்னானா... எதுவாக இருந்தால் என்ன, ஆசாரி ஆணியைப் பிடுங்கி ஒரு விரற்கடை இறக்கி அடித்தார்.

வெயில் ஏறிவிட்டது, அண்ணன் சைக்கிளில் முன்னால் போய்விட்டார், அவள் வண்டியை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள், டிரம்மை ஏற்ற வேண்டும், முள்ளிப்பட்டுக்கு இப்போதே கிளம்பினால்தான் நடந்து போய்ச் சேர முடியும், வழியில் அவன் உட்கார்ந்து உட்கார்ந்து வரலாம், அவசரமில்லை. அவன் பின்னால் வருகிறான், சட்டத்தைப் பிடித்திருக்கிறான் போலிருக்கிறது, செருப்பு ஒன்று அழுந்த விழுகிறது, ஒன்று தேய்கிறது, அழுந்தல், தேய்ப்பு. நாகநதிப் பாலம் ஏறும்போது பாரம் கூடும் என்று குனிந்து மூச்சைப் பிடித்தாள், கூடவில்லை, கைக்கட்டை லேசானது, தானாக மேலே எழும்புகிற மாதிரி லேசானது, அட, தள்ளுகிறான்... தள்ளுகிறானா, இரண்டு சக்கர வண்டியில் பின்னால் ஒரு ஆள் பாரத்தைப் போட்டுச் சாய்ந்தாலும் முன்பக்கம் இப்படித்தான் எழும்பும், வலி தாங்காமல் சட்டத்தில் தொங்கிக்கொண்டு வந்தாலும் இப்படித்தான். திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும், திரும்பினால் வண்டி கோணும், எதிரே பஸ் வருகிறது. “இன்னாய்யா, நல்லா கீறியா” என்று கேட்டாள், “போ, போ” என்றான், அந்தக் குரலிலும் ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் ஊர்வலத்தில் தெருத்தெருவாக இப்படித்தான், அவன் முகம் என் முதுகுக்குப் பின்னால் இருக்கும், இது எப்படித் தோன்றாமல் போனது, அகலம் பார்த்தேன், உயரம் பார்த்தேன்... அவள் கைக்கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாலத்தில் ஏறினாள், தள்ளினாலும் சாய்ந்தாலும் கைக்கு ஒரே லேசாகத்தான் இருந்தது.