அப்பாவுக்குத் தனி லைன்

"ஃபேனை நிறுத்துங்க! லைட்டையும்!"

கத்திக்கொண்டே மகன் ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டினான். பலனில்லை. அப்பாவைக் கிடத்தியிருந்த குளிர்பெட்டி ஒருமுறை முக்கி முனகி அடங்கிவிட்டது.

பெட்டியைக் கொண்டுவந்தவர் சுவரில் ஓடிய வயரைத் தடவிப் பார்த்தார். "மீட்டர்லேர்ந்து இவ்ளோ தூரத்துக்கு நூல் மாதிரி வயரா? கரண்டு வழியிலேயே களைச்சுப்போயிடும் சார். அப்புறம் மோட்டார் எப்படிக் கிளம்பும்? யார் பண்ண வயரிங்?"

எல்லார் கண்ணும் பெட்டிக்குள் போனது.

அப்பா தையல்காரர். துணியில் மிச்சம் பிடித்த கை, வீட்டு வயரிங்கிலும் மிச்சம் பிடித்தது. மிக்சி ஓடினால் விளக்கு அழுதுவடியும். அதனால் வீட்டில் ஒரு சட்டம்: எதைப் போடுவதானாலும் முதலில் குரல் கொடுக்க வேண்டும். "மிக்சி போடுறேங்க!" என்பாள் அம்மா. அப்பா எழுந்து ஃபேனை நிறுத்திவிட்டு, "ம், போடு!" என்பார். இந்தக் கூத்தைக் கண்டாலே மகனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தங்கை வந்துசேர மறுநாள் ஆகும். அவள் முகம் பார்க்கும்வரை பெட்டி ஓடியாக வேண்டும்.

"தடிச்ச வயர் இருந்தா மீட்டர்லேர்ந்து தனி லைன் இழுத்துடலாம். ஆனா இன்னிக்குக் கடை லீவாச்சே" என்றார் பெட்டிக்காரர்.

"நான் ஒரு சுருள் வாங்கிக் கொடுத்தேனே! அம்மா, அது எங்க?"

அம்மா பின்வாசலைக் காட்டினாள். சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டிய கறுப்பு வயரில் அப்பாவின் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"கயிறு அடிக்கடி அறுந்துபோகுதாம். இது நல்லாத் தாங்குதுன்னாரு."

"இதுக்காம்மா வாங்கினேன்?" என்று சீறியவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சாவு வீடாயிற்றே என்று வாயைப் பொத்திக்கொண்டான். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

சட்டைகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வயரை அவிழ்த்தான். பெட்டிக்காரர் அதை மீட்டர் பக்கத்திலிருந்து தனியாக இழுத்து மாட்டினார். பெட்டி ஒரே மூச்சில் ஓடத் தொடங்கியது. அந்த வீட்டில் முதன்முதலாக முழு வோல்டேஜ் கிடைத்த ஆள் அப்பாதான். மறுபடி ஃபேனைப் போட்டுவிட்டு எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

வந்தவர்களுக்கு டீ போட அம்மா சமையலறைக்குப் போனாள்.

"கெட்டில் போடுறேங்க!"

கூடத்தில் இருந்தவர்கள் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். சுவிட்சில் வைத்த விரலை எடுக்காமல் அம்மா அப்படியே நின்றாள்.

மகன் எழுந்தான். அப்பாவின் சட்டைகள் இன்னும் தோளில்தான் கிடந்தன. ஃபேனை நிறுத்தினான். அது சுற்றி ஓயும்வரை பார்த்திருந்துவிட்டுக் குரல் கொடுத்தான்.

"ம், போடும்மா!"