மயிலம்மாளைத் தேடி வந்தவர்

ஸ்ரீரங்கத்தில், ஆதரவில்லாத பெண்கள் தங்கும் இல்லம் ஒன்றில் டெல்பின் வேலை பார்த்தாள். இல்லத்தின் வெப்சைட்டில் வழி தெரியாமல் திணறுகிறவர்கள் சாட்டில் கேட்பார்கள். எதை அழுத்தினால் எங்கே போகலாம் என்று அவள் சொல்லுவாள்.

அன்று காலை ரெங்கராஜ் என்பவர் எழுதினார்: "எங்க அக்காவைக் காணோம். போட்டோவெல்லாம் எங்க இருக்குங்க?"

"மேல மூணு கோடு இருக்கும், அதை அழுத்துங்க. 'உறவினரைத் தேட'ன்னு வரும்."

சிறிது நேரத்தில் பதில் வந்தது. "பாத்துட்டேன். கடைசிப் படம் எங்க அக்கா மயிலம்மாள். அங்கதானே இருக்கு?"

டெல்பினுக்குச் சந்தோஷம்தான். பஸ் ஸ்டாண்டிலிருந்து அழைத்துவரப்பட்ட மயிலம்மாள் ஊரைச் சொல்ல மறுத்துவந்தாள். ஆனால் அடுத்த கேள்வியில் டெல்பினின் விரல்கள் நின்றன.

"கைநாட்டு வைக்கிற நிலைமையில இருக்கா? நான் கேட்டேன்னு அதுக்கிட்ட சொல்லாதீங்க."

சாப்பிட்டதா, உடம்புக்கு எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே இந்தத் தம்பி. பதில் எழுதாமல் எழுந்து போனாள்.

மயிலம்மாள் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உங்களுக்கு ரெங்கராஜ்னு தம்பி இருக்காராம்மா?"

மயிலம்மாளின் பார்வை சட்டென்று வாசலுக்குப் போனது. "வந்துட்டானா?"

"இல்லம்மா. பயப்படாதீங்க."

"உப்பிலியபுரத்துல எம்பேர்ல கொஞ்சம் நிலம் இருக்கு. எழுதிக் குடுக்க மாட்டேன்னதுக்கு ரூமுல வச்சுப் பூட்டிட்டான். தப்பிச்சு வந்தேன். நான் இங்க இருக்கேன்னு சொல்லிடாதம்மா."

டெல்பின் ஓடிவந்து முதலில் வெப்சைட்டிலிருந்து மயிலம்மாளின் படத்தை நீக்கினாள். பிறகு, "யாரைப் பத்தியும் சாட்டுல சொல்ல முடியாதுங்க. போலீஸ் மூலமா வாங்க" என்று எழுதினாள்.

உடனே பதில் வந்தது: "போட்டோவை ஏன் தூக்கிட்டீங்க?"

அந்தப் பக்கத்தை அவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்று டெல்பினுக்குப் புரிந்தது. விஷயத்தை நிர்வாகி பானுமதியிடம் சொன்னாள். அவர் மகளிர் காவல் நிலையத்துக்குப் போன் செய்தார்.

மதியம் ரெங்கராஜ் காரில் வந்து இறங்கி, கேட் அருகே நின்று "அக்கா" என்று அழுதார். உள்ளே பெண் போலீஸ் இருப்பது அவருக்குத் தெரியாது. மயிலம்மாள் அந்தப் பெண் போலீஸோடு தானாகவே வெளியே வந்தாள்.

"நிலம் எம்பேர்லயேதான் இருக்கும். இவங்க முன்னாடியே சொல்றேன், என்னைப் பூட்டி வச்சது இவன்தான்."

ரெங்கராஜின் அழுகை நின்றுவிட்டது. போலீஸ் அவரை விசாரிக்க அழைத்துப்போனது.

மறுநாள் டெல்பின் படங்களின் பக்கத்தையே மூடிவைத்தாள். வையம்பட்டியிலிருந்து ஒரு பெண், மகளைக் காணோம் என்று எழுதியிருந்தாள். பாவமாக இருந்தது. இருந்தாலும், "நீங்க யாருன்னு முதல்ல சொல்லுங்க" என்றே டெல்பின் ஆரம்பித்தாள்.